அந்த கேமரா ஓடியதை நான் பார்த்தேன்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

போன வாரம் எனக்குத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் போட்ட மனுவுக்கான பதில் அது. எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஜூலை மாதத்து ஒரு நாளில் காலை 11 மணி முதல் இரவு 10 மணி வரை பதிவான சிசிடிவி காட்சிகளின் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். “மேற்படி தேதியில் கண்காணிப்பு கேமராக்கள் பழுது நீக்கும் பணியில் இருந்தமையால் பதிவுகள் ஏதும் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி எட்டேகால் மணியிலிருந்து கிட்டத்தட்ட பத்து மணி வரை நான் அந்த ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ரைட்டர் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுவரில் ஒரு டிவி, அதில் நாலு கட்டம். ஒன்றில் வாசல் கேட்டும் வேப்பமரமும், ஒன்றில் உள்ளே போகிற நடைவழி, ஒன்றில் பூட்டிய ஒரு கதவு. நாலாவதில் வராந்தா பெஞ்சும் அதில் ஒரு பொம்பளையும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்றே எனக்கு உறைத்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன், திரையில் இருந்தவளும் துடைத்தாள். மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. பழுதாகிக் கிடக்கும் கேமரா என் கையசைவை எப்படிக் காட்டியது என்பதை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

நான் தையல்காரி. மகளிர் குழு நடத்துகிறேன், எந்தக் கட்சியிலும் இல்லை. ஊர்ப் பெயரையும் ஸ்டேஷன் பெயரையும் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் நாங்கள் அந்த ஊரில்தான் இன்னும் இருக்க வேண்டும். அதே தெரு வழியாகத்தான் அந்த ஜீப் தினமும் போகிறது. பெயர், தேதி, வழக்கு எண் எல்லாம் உங்கள் இரண்டு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் பகுதிக்கு 19 நாட்களாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தாமிரபரணிக்கு அரை மணி நேரப் பயண தூரத்தில் இருந்துகொண்டு ஒரு குடம் 15 ரூபாய் என்று வாங்கினோம். பேரூராட்சியில் மூன்று முறை மனு கொடுத்தோம். அப்புறம்தான் அலுவலகத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆர்ப்பாட்டம் நடத்தலாம் என்று முடிவு செய்து, முறைப்படி ஆறு நாள் முன்னதாகவே ஸ்டேஷனில் அனுமதி மனு கொடுத்து ரசீதும் கேட்டோம். ரசீது தரவில்லை. ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு காவலர் வந்து கதவைத் தட்டி ஒரு தாளைக் கொடுத்தார். காவல் சட்டம் 30(2) அமலில் இருப்பதாலும் சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்படும் என்பதாலும் அனுமதி மறுக்கப்படுகிறது. அவ்வளவுதான். யாரால் பிரச்சினை, என்ன பிரச்சினை, எதுவும் அதில் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நாங்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

30(2) பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டம், ஊர்வலம் என்றால் காவல்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்கிற அந்தச் சட்டம் 1861-ல் வந்தது. வெள்ளைக்காரன் 1857 கலகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் கொண்டு வந்த சட்டம். அதை எங்கள் மாவட்டத்தில் பதினைந்து நாள், பதினைந்து நாள் என்று நீட்டிக்கொண்டே போகிறார்கள். அது அமலில் இல்லாத பதினைந்து நாளை நான் இன்னும் பார்க்கவில்லை. எப்போதாவது வரும் ஆபத்துக்கு என்று வைத்த தடையை நிரந்தரமாக்கிவிட்டால், கூடுவதற்கான உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவில் எழுதியிருந்து எங்களுக்கு என்ன பயன்?

சரி, காலையில் பெண்கள் கேட்கவில்லை. காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான். அது மறியல், சட்டப்படி தப்பு என்று எங்களுக்குத் தெரியும். கைது செய்வார்கள், மண்டபத்தில் வைப்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுவார்கள் என்பதும் தெரியும். தமிழ்நாட்டில் தண்ணீருக்கு மறியல் செய்யாத ஊர் எது? அதற்கென்று இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு நடைமுறை இருக்கிறது. தாசில்தார் வருவார், பேசுவார், லாரியை அனுப்புவார், கூட்டம் கலையும். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. இருபது நிமிடத்தில் வேன் வந்தது, இறங்கியதுமே குடத்தை அடித்தார்கள். ஆளை அடிப்பதற்கு முன்னால் குடத்தை. பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் லத்தியில் உடைந்து ரோட்டில் உருண்டதைப் பார்த்து எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, “எய்யா, அது பக்கத்து வீட்டுக் குடம்யா” என்று ஓடினாள். அவளுடைய முழங்கையில் விழுந்த அடிக்கு இன்றைக்கும் அவளால் கையை மேலே தூக்கித் தலை சீவ முடியவில்லை.

எங்கள் 41 பேரையும் மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். என் அக்கா மகனை மட்டும் கொண்டு வரவில்லை. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிற பையன், மறியலில் உட்காரவே இல்லை, டீக்கடை ஓரமாக நின்று போனில் வீடியோ எடுத்தான். அவனை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். போனைப் பிடுங்குவதற்கு முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்ட 14 விநாடி வீடியோ இப்போதும் இருக்கிறது. குடம் உடைவது, கிழவி ஓடுவது, ஒரு குரல் “ஏல, எடுக்காத” என்று அதட்டுவது, அதோடு முடிந்துவிடுகிறது.

அவனை விட்டபோது ராத்திரி பத்து மணி ஆகப் போகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். நான் கையில் கொண்டு போயிருந்த செருப்பை அவன் காலில் மாட்டப் பார்த்தேன், உள்ளே நுழையவில்லை. இரண்டு உள்ளங்காலும் இட்லி மாவு மாதிரி உப்பியிருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்களுக்கு முன்னாலேயே ஒரு காவலர் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகலில், “பைக்கில் இருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது” என்று எழுதினார்கள். நாங்கள் அப்படிக் கூறவில்லை. பைக்கில் இருந்து விழுகிறவனுக்கு முட்டி சிராய்க்கும், கை ஒடியும். இரண்டு உள்ளங்காலில் மட்டும் அடி படுவது எப்படி என்று அந்த டாக்டரும் கேட்கவில்லை. 11.40-க்கு நான் என் போனில் எடுத்த படங்கள் ஒன்பது. அவையும் தபாலில் இருக்கின்றன. மறுநாள் அவன் போன் திரும்ப வந்தது, கடையில் இருந்து புதிதாக வாங்கிய மாதிரி உள்ளே ஒன்றுமே இல்லாமல்.

நான் எஸ்.பி. அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன். அது டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு வந்தது. அங்கிருந்து “விசாரித்து அறிக்கை தரவும்” என்று எங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கே வந்தது. அதாவது நான் யாரைப் பற்றிப் புகார் கொடுத்தேனோ அவரே என்னைக் கூப்பிட்டு, என் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்காம்மா?” என்று கேட்டார்.

இந்த மடலை நான் எழுதுவதே அந்தக் கேள்வியால்தான். ஆதாரம் இருக்கிறது ஐயா. அது உங்கள் ஸ்டேஷன் சுவரில் இருக்கிறது. எங்கள் கையில் இருந்த ஆதாரத்தைப் பிடுங்கி அழித்துவிட்டு, உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் பழுது என்று சொல்லிவிட்டு, எங்களிடம் ஆதாரம் கேட்டால் நாங்கள் எங்கே போவோம்?

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரிக் கடிதம் வந்த பிறகு ஒரு வக்கீல் தம்பி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2020 டிசம்பர் 2-ஆம் தேதி வந்த பரம்வீர் சிங் சைனி வழக்குத் தீர்ப்பு. உட்கார்ந்து முழுதாக வாசித்தோம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், நடைவழி, வராந்தா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, பின்புறம், கழிப்பறைக்கு வெளியே என்று எந்த இடமும் விடாமல் கேமரா இருக்க வேண்டும். படத்தோடு குரலும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு வசதியுள்ள கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. கேமரா ஓடுவதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரிதான் பொறுப்பு. பழுதானால் உடனே மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது, அதை நான் மூன்று தடவை வாசித்தேன். கேமரா வேலை செய்யாத நேரத்தில் அந்த ஸ்டேஷனில் யாரையெல்லாம் கைது செய்தார்கள், யாரையெல்லாம் விசாரித்தார்கள் என்ற விவரத்தை அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டுமாம். அப்படியானால் என் கேள்வி ரொம்பச் சின்னது. அன்றைக்குக் கேமரா உண்மையிலேயே பழுது என்றால், என் அக்கா மகன் பெயர் எழுதிய அந்தத் தாள் எங்கே? எந்தத் தேதியில் அனுப்பினார்கள்? பழுது பார்த்த ஆள் யார், பில் எங்கே?

அதே தீர்ப்பில், கேமரா இருக்கிறது, பதிவு குறைந்தது ஆறு மாதம் இருக்கும், பாதிக்கப்பட்டவர் அதைப் பாதுகாத்து வைக்கும்படி கேட்கலாம் என்று உள்ளூர் மொழியிலும் பெரிய போர்டு வைக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஸ்டேஷன் வாசலில் சீட்டுக் கம்பெனியிடம் ஏமாற வேண்டாம் என்ற போர்டு இருக்கிறது, ஹெல்மெட் போர்டு இருக்கிறது. இந்த போர்டு இல்லை. இருந்திருந்தால் அன்று ராத்திரியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இந்தத் தீர்ப்பு வந்த வருஷம்தான் சாத்தான்குளம் நடந்தது. கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லிப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் ஜூன் 22, 23 என்று அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி உள்ளே போன மாஜிஸ்திரேட் என்ன எழுதினார் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மனப்பாடம். ஹார்டு டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தோடு பயமாக வாய் திறந்து சொன்னதுதான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் தூத்துக்குடி. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள், கலெக்டர் ஆபீசுக்குப் போன ஜனங்கள் மீது சுட்டார்கள். 13 உயிர் போனது. வேன் மேல் ஏறிக் குறி பார்த்தவரை நாடே பார்த்தது யாரோ எடுத்த வீடியோவால்தான். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நாலு வருஷம் விசாரித்து, ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சுட்டார்கள் என்று எழுதி, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசாங்கமே அமைத்த ஆணையம், அரசாங்கமே வெளியிட்ட அறிக்கை. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு மே 22-க்கும் அந்தக் குடும்பங்கள் அதே கேள்வியோடுதான் படத்துக்கு மாலை போடுகின்றன.

2025 ஜூனில் மடப்புரம். நகை காணவில்லை என்ற புகாரில் போலீஸ் விசாரித்ததில் செத்துப்போன கோயில் காவலாளிப் பையன் உடம்பில் 44 காயம். அங்கேயும் உண்மையைக் காட்டியது கழிப்பறை ஜன்னல் வழியாக ஒருவர் ஒளிந்து எடுத்த சில விநாடி வீடியோ. மூன்று ஊரையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு சாதாரண மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படமோ சொன்ன சாட்சியமோதான் எங்களைக் காப்பாற்றுகிறது. அரசாங்கம் பணம் செலவு செய்து மாட்டிய கேமரா ஒரு தடவை கூட எங்களுக்காகச் சாட்சி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

புகார் கொடுக்க அமைப்பு இருக்கிறதே என்று சொல்வீர்கள். அதையும் போய்ப் பார்த்தேன். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, காவல்துறை மீதான புகாரை விசாரிக்கும் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும், மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி. நமது மாநிலம் 2013-ல் போட்ட சட்டத்தில் மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். இந்த மடல் யாருக்கோ அந்த இருவரேதான். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட சந்தேகம் ஒன்றும் கிடையாது. ஆனால் அடித்தவரின் மேலதிகாரியிடமே அடி வாங்கியவன் நியாயம் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் நான் மறைக்க விரும்பவில்லை. கையில் மாவுக்கட்டோடு வரிசையாக நிற்கும் பையன்கள் படம், “பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்” என்ற வரியோடு வரும்போதெல்லாம் ஊரே சிரித்தது. நானும் அதை நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ரவுடிதானே, வேணும் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பில் நாங்கள் கொடுத்த தைரியம்தான் என் அக்கா மகன் உள்ளங்கால் வரைக்கும் வந்திருக்கிறது. இனி அதை நான் செய்ய மாட்டேன், எங்கள் குழுப் பெண்களிடமும் சொல்லிவிட்டேன்.

காக்கி என்றால் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி என் மாமியாரைத் தோளில் தூக்கி வந்தவர் ஒரு காவலர்தான். அவருக்கு நாங்கள் டீ கூடப் போட்டுக் கொடுக்க முடியவில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மண்டபத்தில் எங்களுக்குக் காவல் இருந்த ஒரு பெண் காவலர், தன் பையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை அந்தக் கிழவியிடம் நீட்டிவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “எக்கா, குவார்ட்டர்ஸ்லயும் லாரித் தண்ணிதான், நாங்க யார்ட்ட போய் மறியல் பண்ண?” என்று சொன்னார். அவர் யார் என்று என்னிடம் யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உண்மை பேசுகிற காவலருக்கு உங்கள் துறைக்குள் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் ஒருவேளை சொல்லலாம்.

இப்போது எங்கள் 41 பேர் மேலும் வழக்கு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 126(2) வழியை மறித்ததாக, 189(2) சட்டவிரோதமாகக் கூடியதாக, கூடவே பையன் மேல் மட்டும் 132, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக. போன் பிடித்திருந்த கையால் யாரை, எப்படித் தாக்கினான் என்று எஃப்.ஐ.ஆரில் இல்லை. அவன் படிப்பு முடிந்து சவூதிக்குப் போக வேண்டும் என்று அக்கா சீட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வருவது இதே ஸ்டேஷன்தான். ஒரு மறியலுக்கு நாங்கள் கொடுக்கிற விலை இவ்வளவு என்றால், அடுத்த தடவை தண்ணீர் வராவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினாலும் ஸ்டேஷன் படி ஏற மாட்டார்கள். ஏற்கெனவே அப்படி ஒன்று நடந்துவிட்டது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஆடு திருடு போனதற்கு அந்த வீட்டுக்காரர் புகார் கொடுக்கவில்லை. “போனா நம்மளத்தான் உட்கார வைப்பாங்க” என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன். அந்த ஸ்டேஷன் சிசிடிவி ஹார்டு டிஸ்கை இந்த வாரத்துக்குள் அங்கிருந்து எடுத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்புங்கள். அழித்திருந்தால் எப்போது அழித்தார்கள் என்பதையாவது அவர்கள் சொல்லட்டும். பழுது என்பது உண்மை என்றால் சர்வீஸ் பதிவேடு, பில், மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்குப் போன கடிதம், அன்றைக்கு விசாரித்தவர்கள் பட்டியல் இந்த நாலின் நகலையும் எனக்குத் தாருங்கள். எங்கள் புகாரை அந்த சப்-டிவிஷனைச் சேராத ஓர் அதிகாரி விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும் வரை சம்பந்தப்பட்டவர்கள் அந்த ஸ்டேஷனில் இருக்கக் கூடாது. பையன் மேல் போட்ட 132-ஐ எடுங்கள், தண்ணீர் கேட்ட 41 பேர் மீதுள்ள வழக்கைத் திரும்பப் பெறுங்கள். ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி மறுப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்று எல்லா ஸ்டேஷனுக்கும் உத்தரவு போடுங்கள், 30(2)-ஐ ஓயாமல் நீட்டுவதை நிறுத்துங்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன அந்த போர்டு தமிழில் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் வர வேண்டும். 2013 சட்டத்தைத் திருத்தி, புகார் ஆணையத்தின் தலைமையில் நீதிபதியை உட்கார வைக்க அரசுக்கு நீங்கள் இருவரும் எழுத வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீடும் போட்டிருக்கிறேன். இந்த மடலுக்குப் பதில் தருவதாக இருந்தால் தபாலில், எழுத்தில் அனுப்புங்கள். விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி யாரும் போன் பண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் போன் அடித்தால் அந்தப் பையன் இன்னும் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறான்.

இப்படிக்கு,
அன்று ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்